ஓட்டுக்குள் தெரியும் இறகு

திருவிழாக் கடைகளில் பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் ஏற்றி விற்கிறார்களே, அந்தக் கோழிக்குஞ்சுகள் ஏன் பிழைப்பதே இல்லை என்று ஒரு வாசகி கடிதத்தில் கேட்டிருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கோழிபோலச் சதையும் பிடிக்காது. எனவே பொரிப்பகங்கள் பிறந்த அன்றே அவற்றைக் கழித்துவிடுகின்றன. தெருவுக்கு வருபவை தாய்ச்சிறகின் சூடு இல்லாமல் சில நாள்களில் சாகின்றன. மற்றவற்றை அரைத்தோ வாயுவில் மூச்சடைக்க வைத்தோ கொல்கிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 600 முதல் 700 கோடிக் குஞ்சுகள் இப்படிப் போவதாக மதிப்பிடுகிறார்கள்.

பொரித்தபின் கொல்வதைவிட, முட்டைக்குள்ளேயே சேவலா பெட்டையா என்று கண்டுபிடித்து, சேவல் முட்டையை முன்பே எடுத்துவிடலாம் அல்லவா? இதற்கான இயந்திரங்கள் இன்று ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த செலெக்ட் முறை, அடைவைத்த 9-ஆம் நாள் லேசரால் ஓட்டில் நுண்துளை இட்டு, கருவின் கழிவுநீர் சேரும் பையிலிருந்து ஒரு துளி எடுத்து, பெண் ஹார்மோன் இருக்கிறதா என்று சோதிக்கிறது. இப்படிப் பிரித்தெடுத்த கோழிகளின் முட்டைகள் 2018 நவம்பரில் பெர்லின் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

ஆனால் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இன்னொரு ஜெர்மன் இயந்திரம். அதன் பெயர் செக்கி. முட்டையில் துளையே போடாது. என் அம்மாச்சி அடைவைத்த முட்டைகளை இருட்டறையில் விளக்கருகே பிடித்துப் பார்த்து, கூமுட்டைகளை ஒதுக்குவார். செக்கி செய்வதும் அதுதான். ஒளியை முட்டைக்குள் பாய்ச்சி, ஓட்டைக் கடந்து வரும் வெளிச்சத்தை நுணுக்கமான நிறக்கூறுகளாகப் பிரித்து ஆராய்கிறது. 13-ஆம் நாளில் கருவுக்கு இறகு அரும்பியிருக்கும். அந்த இறகு பழுப்பு என்றால் பெட்டை, வெள்ளை என்றால் சேவல். மணிக்கு 20,000 முட்டைகள் வரை பார்த்துவிடும்.

நிறம் எப்படிப் பாலைச் சொல்லும்? பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் தந்தை பொன்னிறம், தாய் வெள்ளை. நிறத்துக்கான மரபணு பால் குரோமோசோமிலேயே, இசட் என்ற குரோமோசோமில், அமர்ந்திருக்கிறது. கோழியினத்தில் சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்று தந்தையிடமிருந்து வருவதால் மகள் பொன்னிறமாகிறாள். மகனுக்கு இருவரிடமிருந்தும் கிடைக்கிறது. தாயின் வெள்ளை, தந்தையின் பொன்னை அமுக்கிவிடுகிறது. மகளுக்கு அப்பா நிறம், மகனுக்கு அம்மா நிறம்! பொரித்த குஞ்சுகளைப் பிரிக்க வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட இந்த உத்தியைக் கேமரா ஓட்டுக்குள்ளேயே படித்துவிடுகிறது.

வெள்ளை லெகார்ன் வகைகளில் ஆணும் பெண்ணும் ஒரே வெள்ளை என்பதால் அங்கே செக்கி கைவிரித்துவிடும். இந்த நிற வேற்றுமை சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 2022 தொடக்கத்தில் ஜெர்மனி குஞ்சுக் கொலையைத் தடை செய்தது. அடுத்து வந்த பிரான்ஸ், வெள்ளைக் கோழி இனங்களுக்கு விலக்கு அளித்தது. வெள்ளையாய்ப் பிறந்த குஞ்சுக்கு மட்டும் வலி குறைவா? இந்த விலக்கை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியோ மேலும் இறுக்கி, அடைவைத்து 12 நாள் கடந்த கருவையும் அழிக்கக் கூடாது என்றது. அதன் பிறகு கருவுக்கு வலி தெரியக்கூடும் என்பதே காரணம். அந்த எச்சரிக்கை சரியானது.

நாமக்கல் பண்ணைகளில் நிறைந்திருப்பவை வெள்ளைக் கோழிகள்தாம். எனவே நமக்கு உதவக்கூடியவை துளி எடுத்துச் சோதிக்கும் முறையும், மியூனிக் நகரின் ஆர்பெம் நிறுவனம் செய்வதுபோல 12-ஆம் நாளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறையும். இரண்டுக்கும் நிறம் தேவையில்லை. முதலீடு பெரிதுதான், ஆனால் ஐரோப்பாவில் ஒரு முட்டைக்குக் கூடும் விலை ஓரிரு யூரோ சென்ட் என்ற அளவிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு பள்ளிச் சத்துணவுக்காக நாள்தோறும் லட்சக்கணக்கில் முட்டை வாங்குகிறது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரின் சொல்லுக்குப் பொரிப்பகங்கள் காது கொடுத்தே ஆகவேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் குஞ்சுகளைக் கொல்லாத பொரிப்பகங்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நாமக்கல்லிலேயே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் வெள்ளை முட்டைக்கான சோதனைகளை ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் அரசு இந்த ஆண்டே தொடங்கலாம்.