மடியில் இருந்தால் போதுமா?

சாலைப் பாதுகாப்பின் வரலாறு – பகுதி 9

பிரிட்டனில் 2006 செப்டம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 12 வயது நிறையாத, 135 சென்டிமீட்டர் உயரத்தையும் எட்டாத குழந்தை காரில் செல்லும்போது தன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில் அமர்த்தப்பட வேண்டும். ஆயினும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே சீட் பெல்ட் இல்லாதிருந்த பழைய கார்களுக்கு அந்த விதிகள் வேறொரு வழியை விட்டுவைத்துள்ளன: அத்தகைய காரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது, மூன்று வயதைக் கடந்த குழந்தையை ஏற்றலாம், ஆனால் பின்னிருக்கையில் மட்டுமே அமர்த்த வேண்டும். அந்நாட்டில் முன்னிருக்கைப் பெல்ட் 1965க்குப் பிந்தைய கார்களுக்கும், பின்னிருக்கைப் பெல்ட் 1987க்குப் பிந்தைய கார்களுக்குமே கட்டாயம் என்பதால், ஆர்வலர் ஒருவர் பாதுகாத்துவரும் 1950களின் மோரிஸ் மைனர் காரின் பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தையை எந்தப் பிணைப்பும் இன்றி அமர்த்தி நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்வது இன்றும் சட்டத்துக்கு உட்பட்டதே. அப்படி ஓட்டிச் செல்லலாமா என்பதைச் சட்டம் பெற்றோரிடமே விட்டுவிட்டது. அந்த முடிவை எதைக் கொண்டு எடுப்பது என்பதே இப்பகுதியின் பொருள்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதேனும் நேருக்கு நேர் மோதினால், அதன் முன்பகுதி ஏறக்குறைய அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நசுங்கி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வண்டி நின்றுவிடுகிறது. வண்டி நின்றாலும் உள்ளே இருப்பவர்களின் உடல், இயங்கும் பொருள் தன் இயக்கத்தைத் தொடரும் தன்மையாகிய நிலைமத்தின் காரணமாக, அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. மூன்றாம் மாடியிலிருந்து விழும் உடல் தரையைத் தொடும் வேகம் அது. சீட் பெல்ட் செய்யும் வேலை, அந்த உடலை வண்டியோடு பிணைத்து, வண்டி நசுங்கும் நேரம் முழுவதையும் உடல் மெல்ல நிற்பதற்கான நேரமாக மாற்றித் தருவதுதான். பிணைக்கப்படாத உடலுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அது முன்னிருக்கையின் முதுகிலோ கண்ணாடியிலோ முட்டித்தான் நிற்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைத் தாய் தன் கைகளுக்குள் வைத்திருந்தால், மோதும் கணத்தில் அவர் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்கு இணையானது; எத்தகைய அன்பும் எத்தகைய உடல்வலிமையும் அந்தக் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தாயும் பெல்ட் அணியாதிருந்தால் நிலைமை இன்னும் கொடியது, ஏனெனில் பின்னாலிருந்து வரும் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும்.

குழந்தையின் உடலமைப்பு இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலையே. வளர்ந்தவரிடத்தில் அது எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் முழுமையாக இறுகாமல் ஓரளவு குருத்தெலும்பாகவே இருப்பதால், திடீர் நிறுத்தத்தில் தலை முன்னால் வீசப்படும்போது தண்டுவடம் இழுபட்டுச் சேதமடைகிறது. இதை உணர்ந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து அமர்ந்திருந்த முறையைக் கண்டு, 1960களின் முற்பகுதியில் பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். அதில் மோதலின் விசை முதுகு முழுவதிலும் பரவிவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, குழந்தை இருக்கைகள் ஒரு வயதுக்குட்பட்டோரின் மரண ஆபத்தை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ளோரின் ஆபத்தை 54 விழுக்காடும் குறைக்கின்றன. மூன்றாவது பிறந்தநாளன்று உடலில் எதுவும் மாறிவிடுவதில்லை. அந்த வயது பிரிட்டன் சட்டம் வரைந்த கோடே தவிர உடலியல் வரைந்த கோடு அன்று.

பழைய காரை மெதுவாகவே ஓட்டுவோம் என்பது ஆர்வலர்கள் பெரும்பாலும் முன்வைக்கும் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனெனில் வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் எதிரே வரும் வண்டியின் வேகத்தை இவர்கள் தீர்மானிப்பதில்லை. மேலும், அக்காலத்துக் கார்களில் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது. டேஷ்போர்டு வெறும் இரும்புத் தகடாகவே இருக்கும். கதவின் தாழ்ப்பாள் அதிர்ச்சியில் திறந்துகொள்ளும். இரண்டு கதவுக் கார்களில் பின்னிருக்கைக்கு வழிவிட மடியும் முன்னிருக்கை பூட்டின்றி முன்னோக்கிச் சாயும். அக்காலத்தில் அப்படித்தானே வளர்ந்தோம் என்று சொல்பவர்கள், அதே காலத்தில் அப்படி வளர முடியாமற்போன குழந்தைகளைக் கணக்கில் கொள்வதில்லை. அவர்கள் இன்று வந்து பேசும் நிலையில் இல்லை.

பழைய கார்களுக்கான பிரிட்டனின் விலக்கு தரும் பாடத்தைவிடக் கடுமையான பாடத்தை அமெரிக்காவின் டென்னசி மாநிலம் கற்றது. அங்கே ரதர்ஃபோர்டு மாவட்டச் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்த குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ், தன் மனைவி பாட் சாண்டர்ஸுடன் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களை ஓயாமல் சந்தித்து, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காரில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 1977இல் நிறைவேற்றச் செய்தார். அது 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. ஆனால் நிறைவேறும் தறுவாயில் உறுப்பினர்கள் ஒரு திருத்தத்தைச் சேர்த்தனர்: பெரியவர் ஒருவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு இருக்கை தேவையில்லை. தாய்மையை மதிப்பதாகத் தோன்றிய அந்த வாசகத்தைச் சாண்டர்ஸ் ‘குழந்தை நசுக்கி’ என்று அழைத்தார். அடுத்த சில ஆண்டுகளை அவர் அந்த ஒற்றை வாசகத்தை நீக்குவதற்கே செலவிட்டார். 1981இல் அது நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. சட்டம் எங்கே இரங்குகிறதோ அங்கேதான் குழந்தை பாதுகாப்பற்று நிற்கிறது என்பதை இவரளவு தெளிவாகக் கண்டவர்கள் குறைவு. இத்தொடரில் இடம்பெறும் மனிதர்களுள் அதிகம் நினைவுகூரப்பட வேண்டியவர் இவரே.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 194பி என்ற பிரிவின் வழியாக, 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்கப்படாமல் செல்லும் வண்டியை ஓட்டுபவருக்கும் ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பழைய அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் புதுப்பித்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கும் உண்டு. பின்னிருக்கை தன்னளவிலேயே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் இங்கே ஆழமானது. ஆனால் 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த விபத்தில், நவீனமான, கனமான காரின் முன்னிருக்கைகளில் இருந்த இருவர் பிழைத்தனர், பெல்ட் அணியாமல் பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தனர்.

பழைய காருக்குப் பெல்ட் பொருத்த முடியும். ஆனால் அதன் முனைகளைத் தரைத்தகட்டில் ஒரு துளையிட்டுத் திருகிவிட்டால் போதாது. துருவேறிய மெல்லிய தகடு மோதலில் கிழிந்துவிடும் என்பதால், தகட்டின் அடியில் தடித்த இரும்புப் பட்டை வைத்து விசையைப் பரப்ப வேண்டும், தோள்பட்டைப் பகுதியைத் தாங்க வலுவான தூண் வேண்டும், இவற்றைச் செய்பவர் பழகிய வல்லுநராக இருக்க வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டைச் சிறு குழந்தைக்கு நேரடியாக அணிவிப்பதும் சரியன்று. இடுப்பெலும்பின் முகடு இன்னும் வளராததால் பெல்ட் வயிற்றுக்கு ஏறி, குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். பெல்ட்டே இல்லாத காரில் குழந்தை இருக்கையைச் சும்மா வைப்பது அதனினும் தீங்கானது, ஏனெனில் மோதலில் குழந்தையோடு இருக்கையும் பறக்கும். பெல்ட்டை முறையாகப் பொருத்த இயலாத காரில் குழந்தையை ஏற்றாதிருப்பதே சரியான முடிவு. கண்காட்சித் திடலுக்குக் குடும்பமாகச் செல்ல விரும்புவோர், தந்தை பழைய காரை ஓட்டிச் செல்ல, குழந்தையை அதற்குரிய இருக்கையில் பிணைத்து மற்றொரு காரில் பின்தொடரலாம்; என்ஜின் அணைக்கப்பட்டுத் திடலில் நிற்கும் வண்டியில் ஏறி, குழந்தை விரும்பும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.