ஒருநாள் மலரும் பூந்தோட்டக் கழகங்களும்

'தோட்டம்' என்றவுடன் நம் நாட்டுத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூச்செடியன்று. பால்மரமும் செம்பனையுமே ஆகும். நம் பள்ளியின் பெயரிலும் அந்தத் தோட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், சுங்கை வே வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் 1970-ஆம் ஆண்டுகள் முதல் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. லயத்து வாசலில் கனகாம்பரமும் செம்பருத்தியும் வளர்த்த குடும்பங்கள் இன்று நான்காம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் வாழ்கின்றன. பள்ளியில் தோட்டக் கழகம் தொடங்கப்போகிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் அறிவித்தபோது, ஒரு முதியவர் எழுந்து, "எந்தத் தோட்டத்துச் சங்கம், ஐயா? சம்பளம் பேசுவீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவருக்கு அன்று நாம் கூறிய விளக்கத்தையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

மேலை நாடுகளில் ஒரே ஒரு வகைப் பூவுக்கென்றே கழகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று டேலில்லிக் கழகம். டேலில்லி என்பது காலையில் விரிந்து அன்றிரவே வாடிவிடும் பூ. அதன் தாவரவியல் பெயரான ஹெமரோகாலிஸ் என்பது 'ஒரு நாள் அழகு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. பெயரில் லில்லி இருந்தாலும் அது உண்மையான லில்லி அன்று. லில்லிக்குக் கிழங்கு உண்டு. இதற்குச் சதைப்பற்றுள்ள வேர்கள் மட்டுமே உண்டு. ஒரு தண்டிலேயே பல மொட்டுகள் இருப்பதால், இன்று ஒன்று வாட நாளை மற்றொன்று விரியும். இவ்வாறு ஒரு புதர் பல வாரங்கள் பூத்துக்கொண்டிருக்கும்.

இதன் தாயகம் சீனா, கொரியா, ஜப்பான் முதலிய நாடுகள். சீனர் இதனைத் தாயன்பின் சின்னமாகவும் கவலையை மறக்கச் செய்யும் செடியாகவும் போற்றி வந்தனர். நம் ஊர்ச் சீனர் மளிகைக் கடைகளில் பொன்னிற நூல்போல் உலர்ந்து கிடக்கும் 'கிம் சியாம்' இதன் மொட்டுதான். சூப்பில் போடுவார்கள். இதைப் படித்துவிட்டு, மாணவர்கள் எந்தப் பூவையும் பறித்து வாயில் போடக்கூடாது! லில்லி என்று பெயர் பெற்ற பல செடிகள் நஞ்சுடையவை.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஷெனண்டோவா என்னும் சிற்றூரில் இப்பூவை விரும்புவோர் ஒன்றுகூடிக் கழகம் அமைத்தனர். வானொலியில் தோட்டக்கலை பற்றிப் பேசிவந்த ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் என்ற அம்மையாரின் ஊக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சுற்றுக்கடிதம் எழுதினர். ஒரு கட்டுக் கடிதம் ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குச் செல்லும். பெற்றவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, தம் பழைய கடிதத்தை எடுத்துப் புதியதை வைத்து அனுப்புவார். எந்த மண்ணில் எது செழித்தது, எது பட்டுப்போனது என்பதெல்லாம் இவ்வாறே பரவிற்று.

கழகத்தாரின் மற்றொரு பணி பூக்காட்சி. பூ ஒரு நாள் மட்டுமே நிற்பதால், விடியற்காலையில் தண்டை வெட்டிக் கொண்டுவந்து அன்றே நடுவரிடம் காட்டிவிட வேண்டும். 1950-ஆம் ஆண்டு முதல் சிறந்த வகைக்கு ஸ்டவுட் வெள்ளிப் பதக்கம் வழங்கப்படுகிறது. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் இச்செடியை ஆராய்ந்த அறிஞரின் பெயர் அது. செடி விற்பனை செய்து நிதி திரட்டுவதும், பொதுமக்கள் வந்து பார்க்கத் தோட்டங்களைத் திறந்து வைப்பதும் உண்டு.

எனினும், நம்மை மிகவும் கவர்ந்தது அவர்களின் கலப்பினப் பணியே. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு பூவின் சூல்முடியில் தடவி, நூலில் சீட்டுக் கட்டிவிடுவர். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் விதை முற்றும். அது முளைத்துப் பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நூறு நாற்றுகளில் ஒன்றிரண்டே தேறும். தேறியதற்குப் பெயரிட்டுப் பதிவு செய்வர். இதுவரை பதிவான வகைகள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை. பூவைப் பெரிதாக்க விரும்பியவர்கள் கோல்சிசின் என்னும் மருந்தால் செடியின் நிறப்புரிகளை 22-இலிருந்து 44 ஆக இரட்டிப்பாக்கினர். அந்தக் கோல்சிசின் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. அதன் விதைக்காகவே அங்கு உழவர்கள் செங்காந்தளைப் பயிரிடுகின்றனர்.

இவ்வளவு படித்த பின் நமக்கும் ஆசை பிறந்தது. ஒரு பெற்றோர் மூன்று டேலில்லிச் செடிகளை வாங்கித் தந்தார். கிழங்கு வகை என்று தவறாக எண்ணி நாமே அவற்றை ஆழப் புதைத்தோம். வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தால் போதும் என்பதைப் பின்னரே அறிந்தோம். பெய்த மழையில் இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவது செடி இலை விட்டது; பூக்கவில்லை. இவற்றுள் பல வகைகளுக்குக் குளிர்காலத்து உறக்கம் வேண்டும். நம் நாட்டில் அதற்கு எங்கே போவது?

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திதான், "ஐயா, செம்பருத்தியும் ஒரு நாள்தானே பூக்கிறது?" என்று கேட்டாள். நாம் வாயடைத்துப் போனோம். 1960-ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூங்கா ராயா நம் பள்ளி வேலியிலேயே நிற்கிறது!

இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலையோரங்களில் காணும் 'யூரோப்பா' என்னும் பழுப்புச்செந்நிற டேலில்லி விதை தருவதில்லை. ஒருவர் வேரைப் பிரித்து அடுத்தவருக்குக் கொடுத்தே அது ஊர் ஊராகச் சென்றது. நம் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தியும் விதை பிடிப்பது அரிது. குச்சி ஒடித்துக் கொடுத்தே பரவியது. 'மேட்டு லயத்துப் பாட்டி கொடுத்த செடி', 'தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் செடி' என்று நம் தாய்மார்கள் செடிகளை அடையாளம் கூறுவார்கள். தோட்டமும் லயமும் போன பின், அந்தப் பெயர்களும் அவர்களோடு போய்விடும் நிலையில் இருக்கின்றன.

ஆதலால், நம் கழகத்தின் முதல் பணி ஒரு பதிவேடு. செடி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார், எந்த ஆண்டில் இடம் பெயர்ந்தது என்பவற்றை மாணவர்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுவார்கள். எழுதத் தெரியாத பாட்டி சொன்னாலும் போதும், பேரப்பிள்ளை எழுதட்டும்.

மாடி வீட்டிலோ பழைய தோட்டத்து ஓரத்திலோ செடி வைத்திருக்கும் பெற்றோர்கள், பென்சில் பருமனில் ஆறு அங்குல நீளமுள்ள இரண்டு குச்சிகளைச் சனிக்கிழமை காலை கொண்டுவர வேண்டுகிறோம். நுனியில் இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். ஈரத்துணியில் சுற்றிவந்தால் வாடாது. காலி மைலோ டின்களும் தேவை. அடியில் ஆணியால் மூன்று நான்கு துளைகள் இட்டே தாருங்கள். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும். இரண்டு குச்சிகளுள் ஒன்று பள்ளி வேலியோரம் நடப்படும். மற்றொன்று வேர் விட்ட பின், செடியில்லாத வேறொரு மாணவரின் வீட்டுக்குச் செல்லும்.