எண்ணிக்கை வழி காட்டலாம், தீர்ப்புச் சொல்லலாமா?



முதலாம் ஆண்டுப் பதிவு நேரம் வந்தால் போதும், சிறிய தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான்.

"இந்த வருசம் எத்தன பேரு டீச்சர்?"

"ஆறு பேரு சார். போன வருசம் ஒம்போது."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. 'இன்னும் எத்தனை வருசம் இந்தப் பள்ளி இருக்கும்?' என்ற கேள்வி எல்லார் மனத்திலும் ஓடும். கேட்கத்தான் யாருக்கும் வாய் வராது.

பேராக் மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் நம் மாநிலத்தில்தான். அவற்றில் பல, பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பள்ளியின் தரத்தை எதை வைத்து அளப்பது, சிறிய பள்ளியை வைத்துக்கொள்வதா, இணைப்பதா என்ற வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் இதே வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குச் சில பாடங்கள் கிடைக்கும்.

பத்துப் பிள்ளை இருந்தால் ஒரு பள்ளி

கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை இது. பால்மரம் பெருகியது; பால் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள்; லயங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் 1923-இல் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால், நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது அச்சட்டம்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று எண்ணிக்கை பள்ளியைத் திறக்கும் சாவியாக இருந்தது. பல இடங்களில் அந்தப் பள்ளி என்பது ஒரு கொட்டகையும் ஒரே ஓர் ஆசிரியரும்தான். சட்டம் எண்ணிக்கையைக் கேட்டது, தரத்தைக் கேட்கவில்லை. அந்தக் குறை நம் பள்ளிகளை நெடுங்காலம் விடாமல் தொடர்ந்தது.

அறிக்கைகளின் காலம்

1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் போதனை மொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கட்டும் என்பது அதன் நோக்கம். சீன, இந்தியச் சமூகங்கள் அதை எதிர்த்தன. 1956-இல் வந்த ரசாக் அறிக்கை ஒரு நடுவழியைக் கண்டது. தொடக்கப்பள்ளியில் தாய்மொழி இருக்கலாம், ஆனால் பாடத்திட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றது. இன்றைய தேசிய வகைப் பள்ளிகளுக்கு அடித்தளம் அதுதான்.

1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)-ஆம் பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வியமைச்சருக்குத் தந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும் தள்ளுபடி செய்தன. மேலும் முறையிடக் கேட்ட அனுமதியை 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

ஆக, சட்டம் நம் பள்ளிகளை மூடவில்லை. அப்படியானால் 1957-இல் 888 என்று சொல்லப்படும் தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்பது ஏன்? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் நகர்ந்தன. பள்ளிக் கட்டடம் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டது. அதிலும் பகுதி உதவி பெறும் பள்ளியாக இருந்தால், ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நிலமோ பல இடங்களில் தோட்டத்துடையது. கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்பதே ஒரு பெரிய கேள்வி.

'எத்தனை ஏ?'

1988-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அறிமுகமானது. அதன் பிறகு பள்ளியின் பெயர் 'ஏ'-க்களால் எழுதப்பட்டது. முடிவு வந்த வாரத்தில் பள்ளி வேலியில் பதாகை தொங்கும். கோயில் திருவிழாவில்கூட அதே பேச்சுதான். இதில் நன்மையும் உண்டு. "தமிழ்ப்பள்ளியில படிச்சா முன்னேற முடியுமா?" என்று கேட்ட பெற்றோருக்கு அந்தப் பதாகை பதில் சொன்னது. தீமையும் உண்டு. ஆறாம் ஆண்டு முழுவதும் பயிற்சித் தாளாகவே கழிந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளை பின்வரிசையில் மறைந்துபோனது.

பெருந்தொற்றால் 2020-இல் தேர்வு நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் யுபிஎஸ்ஆர் அகற்றப்படுவதாகக் கல்வியமைச்சு அறிவித்தது. வகுப்புசார் மதிப்பீடு முன்னுக்கு வந்தது. ஆசிரியரின் கணிப்புக்கு மதிப்புக் கிடைத்தது என்றனர் சிலர். பிள்ளை எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அமெரிக்கா போய்ப் பார்த்த வழி

அங்கே 2002 ஜனவரியில் 'எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது' என்ற பெயரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை அடைய வேண்டும். இலக்கைத் தொடர்ந்து எட்டாத பள்ளிக்குப் படிப்படியாக நடவடிக்கை.

அச்சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் பள்ளியின் சராசரிக்குள் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒளிந்து கிடந்தார்கள். அவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டு என்று சட்டம் வற்புறுத்தியது. ஆனால் மதிப்பெண்ணோடு தண்டனையும் சேர்ந்தபோது விளைவு வேறானது. அட்லாண்டா நகரில் விடைத்தாள்களைத் திருத்திய மோசடியை 2011-இல் மாநில விசாரணை வெளிக்கொண்டு வந்தது; 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களின் பங்கு அதில் குறிப்பிடப்பட்டது. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம் ஆண்டுத் தேர்வை வைத்துக்கொண்டது. ஆனால் பின்தங்கிய பள்ளியை என்ன செய்வது என்ற முடிவைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் விட்டுவிட்டது.

இன்னொரு சம்பவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2013-இல் சிக்காகோ நகரம் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகளை ஒரே முடிவில் மூடியது. சொன்ன காரணம், மாணவர் குறைவு, காலி இருக்கைகள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் இருக்கை ஏன் காலியானது? குடும்பங்கள் ஏன் அந்த வட்டாரத்தை விட்டுப் போயின? பெற்றோர்கள் கேட்டது அதைத்தான்.

சிறிய வகுப்பில் சதவீதம் பொய் சொல்லும்

இதை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகுப்பில் 100 பேர். ஒருவர் தேறவில்லை என்றால் தேர்ச்சி 99 விழுக்காடு. இன்னொரு பள்ளியில் ஆறாம் ஆண்டில் 5 பேர். ஒருவர் தேறவில்லை என்றால் தேர்ச்சி 80 விழுக்காடு. தவறியது இரண்டிலும் ஒரே ஒரு பிள்ளைதான். அடுத்த ஆண்டு ஐவரும் தேறினால், "20 விழுக்காடு முன்னேற்றம்" என்று மாலை போடுவோம். அதற்கடுத்த ஆண்டு ஒருவர் தவறினால், "சரிவு" என்று கூட்டம் போடுவோம். கற்பித்தல் மாறவே இல்லை!

இதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்த குழுக்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டன. அதிலும் ஒரு சிக்கல். கணக்கில் வராத பிள்ளை கண்ணிலும் படாமல் போய்விடலாம்.

இணைப்பதா, காப்பதா?

நம் நாட்டில் 150 பேருக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். இணைக்கலாம் என்போரின் வாதம் எளிதாகத் தள்ளக்கூடியதன்று. மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. காற்பந்துக்கு ஒரு குழு சேராது. ஓர் ஆசிரியர் தன் துறை அல்லாத பாடத்தையும் எடுக்க நேர்கிறது. பெரிய பள்ளியில் அறிவியல் கூடமும் நூலகமும் சாத்தியம்.

காக்க வேண்டும் என்போர் சொல்வதையும் கேளுங்கள். அருகில் இருக்கும் பள்ளி போய்விட்டால், வண்டி வசதி இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு விடியற்காலைப் பயணம் மிஞ்சும். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்திருப்பது சிறிய பள்ளியில்தான். ஒருமுறை போன பள்ளி உரிமம் எளிதில் திரும்பக் கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று நம்மிடமே உண்டு. அது இடமாற்றம். ஆளில்லாத தோட்டத்திலிருந்து, தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிக்கு உரிமத்தோடு பள்ளியைக் கொண்டு போவது. பல பள்ளிகள் அப்படி மறுபடியும் உயிர் பெற்றுள்ளன. நிலம் தேடி, ஒப்புதல் பெற்று, கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். அதனால் மாணவர் எண்ணிக்கை பத்துக்கு வந்த பிறகு யோசிப்பதைவிட நாற்பதில் இருக்கும்போதே பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உட்கார்ந்து பேசுவது நல்லது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஆசிரியர்களே, எண்ணிக்கையை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பேச வேண்டாம். ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். நம் பள்ளியில் சேராத தமிழ்ப் பிள்ளைகள் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஆண்டு 1-இல் வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை ஆண்டு 3-இல் எங்கே நிற்கிறது என்று பதிவு செய்யுங்கள். கூட்டத்தில் பேசும்போது இந்த மூன்றும் கையில் இருந்தால், "சார், எங்க பள்ளி சின்னதுதான். ஆனா என்ன செஞ்சிருக்கோம்னு பாருங்க" என்று தைரியமாகச் சொல்லலாம்.

மாணவர்களே, இத்தலைப்பில் வாதக் கட்டுரை எழுதினால் "தமிழ்ப்பள்ளி நம் உயிர்" என்ற ஒரே வரியை மட்டும் நம்பி நிற்காதீர்கள். எதிர்த்தரப்பின் வலுவான கருத்தை முதலில் நேர்மையாக எழுதுங்கள். பிறகு ஆண்டோடும் சான்றோடும் பதில் கொடுங்கள். உணர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சான்றுக்குப் பின்னால் வரட்டும்.

1923-இல் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் பள்ளி திறந்தது. இன்று பத்துப் பிள்ளைகள்தான் என்பதால் கதவைச் சாத்த நினைப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தப் பத்துப் பேரும் நாளை எங்கே, எப்படிப் படிப்பார்கள்? அதற்கு நல்ல பதில் இருந்தால் பேசலாம். பதில் இல்லாத வரையில், எண்ணிக்கை நமக்கு வழி காட்டட்டும். தீர்ப்பை அதனிடம் விட வேண்டாம்.