கள்ளிச்செடிகள் நடுவே ஒரு நாள்

வீராணம் ஏரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவனுக்குச் செடி என்றாலே தண்ணீர்தான். இறைப்புத் தவறினால் கொடி முகம் வாடிவிடும். ஏரி வற்றிய கோடைகளில் அகத்தி மட்டும் நிற்க, கொடிகள் சருகாகிப் போவதை லால்பேட்டையில் பலமுறை கண்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, புதுச்சேரி வேளாண் துறையின் மலர், காய், கனிக் கண்காட்சிக்குத் தோழர் இருவருடன் சென்றபோது, எல்லோரும் ரோஜாவையும் டேலியாவையும் மொய்க்க, என் கால்கள் கள்ளிச்செடி வரிசையிலேயே நின்றுவிட்டன.

பந்து போல் சில. நரைத்த தலை போல் வெண்முடி போர்த்தவை சில. செக்கச்செவேலென்ற தலையோடு நின்ற ஒன்றைத்தான் பலரும் பூவென்று எண்ணி ஏமாந்தனர். அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் கிடையாது. தனியே விட்டால் பிழைக்காது. முக்கோணத் தண்டுடைய வேறொரு கள்ளியின்மேல் அதை ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழே உள்ளது சமைக்கிறது, மேலே உள்ளது உண்கிறது!

தாவரவியல் மாணவன் என்ற மிடுக்கில், அங்கிருந்த சதுரக்கள்ளியைக் காட்டி, “இதுவும் காக்டஸ் இனமே” என்று தோழர்களுக்கு விளக்கினேன். செடிகளைக் கவனித்துக் கொண்டிருந்த பெரியவர், “இல்லை தம்பி, முள் எங்கிருந்து புறப்படுது பாருங்க” என்றார். காக்டஸில் ஒவ்வொரு முட்கொத்துக்கும் அடியில் பஞ்சு மெத்தை போன்ற சிறு திட்டு உண்டு. சதுரக்கள்ளியில் அது இல்லை. கிள்ளினால் பால் வடியும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் செடி. காக்டஸ் குடும்பமோ, ஓர் இனம் நீங்கலாக, முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. உறவில்லாத இரு குடும்பங்களுக்கும் வறட்சி ஒரே உருவத்தைத் தந்திருக்கிறது. தோழர்கள் சிரித்தது வேறு கதை.

அப்படியானால் நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி? அதுதான் உண்மைக் காக்டஸ், வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆசைப்பட்டனர். மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கெனவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் அது தரமான சாயம் தரும் இனமன்று. சாயம் கிட்டவில்லை, பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது! அதைக் கண்டு, 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் கள்ளிக் காடுகளை அழிக்கவே அதனைப் பரப்பினர். ஒரு களையைப் பூச்சி கொண்டு அடக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று இது. அப்பூச்சி தொடாத மற்றொரு கள்ளியினத்திற்கு 1926-இல் வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இச்செடிகள் நீரைச் சேமிக்கும் விதம் இன்னும் வியப்பானது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு சமைக்கின்றன. இதன் தடயத்தை முதலில் நாவால் கண்டவர்களுள் ஒருவர், நம் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று அவர் எழுதியது 1815-இல் வெளியாயிற்று. ஊர் திரும்பியதும் நானும் விடியலில் ஒரு துணுக்கைக் கடித்துத் துப்பினேன், நல்ல புளிப்பு. பகல் ஒரு மணிக்கு வெறும் பச்சைத் தழை வாசம். (பால் வடியும் கள்ளியில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

“இந்த வித்தையை வெற்றிலைக்குக் கற்றுத்தர முடியாதா ஐயா?” என்று பெரியவரிடம் கேட்டேன். “வெற்றிலை நிழலும் ஈரமும் தேடுற கொடி, தம்பி. அதன் இலைக்கு இந்தக் குணம் இல்லையே” என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வாங்கி வந்த சிறு உருண்டைக் காக்டஸுக்கு, கொடிக்கால் பழக்கத்தில் அத்தா தினமும் ஒரு செம்பு நீர் வார்த்தார். மூன்றே வாரத்தில் அடி அழுகிச் சாய்ந்தது. இப்போது இரண்டாவது செடியை மணல் கலந்த தொட்டியில், அத்தாவின் கைக்கு எட்டாத மாடிச் சுவர்மேல் வைத்திருக்கிறேன்.