கையால் ஒரு வண்டிப் பாகம்!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? பூந்தமல்லியைத் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. முதுகில் புத்தம் புதுக் கார்களைச் சுமந்தபடி நீள நீளமான லாரிகள் ஊர்ந்து வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பினால், அங்கே 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள்.

இந்தத் தொழிற்சாலைகளில் ஒரு கார்க் கதவின் தகட்டை யாரும் சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்வதில்லை. இரும்புத் தகட்டை அச்சுக்கு நடுவே வைத்து, பல நூறு டன் அழுத்தத்தில் ராட்சத பிரஸ் ஒரே அமுக்கு அமுக்கும். அப்பளம் மாதிரி இருந்த தகடு வளைந்து நெளிந்து கதவு வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒரு ரகசியம்! அந்த அச்சைக் கடைசியாகத் தேய்த்து வழுவழுப்பாக்கும் வேலையில் இன்றும் மனிதக் கைக்கு இடம் உண்டு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சிக்குச் சேரும் அண்ணன்களும் அக்காக்களும் ஆரம்ப நாட்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவு ராவு என்று ராவுகிறார்கள்!

அரமும் ரம்பமும் வைத்து ஓடுகிற வண்டிக்குப் பாகம் செய்ய முடியுமா? விமானமே பறந்திருக்கிறது!

அமெரிக்காவின் ரைட் சகோதரர்களுக்கு விமானத்தில் வைக்க எடை குறைந்த இன்ஜின் வேண்டியிருந்தது. கேட்ட கம்பெனிகளிடம் தோதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர், "நாமே செய்வோம்" என்று இறங்கினார். அவரிடம் இருந்தவை ஒரு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், கொஞ்சம் கைக்கருவிகள். அவ்வளவுதான்! இன்ஜினின் முக்கியமான பாகம் கிராங்க் ஷாஃப்ட். சைக்கிள் பெடலை மிதிக்கும்போது உங்கள் கால் மேலும் கீழும் போகிறது, பல்சக்கரம் சுற்றுகிறது அல்லவா? அதே வேலையைத்தான் இன்ஜினுக்குள் இது செய்கிறது.

டெய்லர் சுமார் 45 கிலோ எடையுள்ள எஃகுப் பலகையை எடுத்தார். அதன்மேல் கிராங்க் ஷாஃப்ட்டின் வடிவத்தை வரைந்தார். கோட்டை ஒட்டி வரிசையாகத் துளைகள் போட்டார். தபால் தலைத் தாளில் வரிசையாக ஓட்டைகள் இருக்குமே, அதுபோல! பிறகு உளியும் சுத்தியலும் வைத்து வேண்டாத பகுதிகளைத் தட்டி எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்தார். முடிந்தபோது அதன் எடை 9 கிலோ கூட இல்லை. முழு இன்ஜினும் 6 வாரத்தில் தயார். 1903 டிசம்பர் 17 அன்று அந்த இன்ஜின்தான் விமானத்தைப் பறக்க வைத்தது.

நம் ஊருக்கு வருவோம். அதே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கார்ப் பந்தயத் தளம் இருக்கிறது. பந்தயம் ஓட்ட ஆசைப்பட்ட இளைஞர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய சிக்கல். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க ஏகப்பட்ட பணம் வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800 காரின் இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரை ஓட்டிப் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்! கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் குட்டி விமான விபத்தில் இறந்துபோனார்.

இந்தத் தளத்தில் கல்லூரி மாணவர்களும் 2011-ல் தாங்களே வடிவமைத்த கார்களோடு 'சுப்ரா' போட்டிக்கு வந்தார்கள். இதுபோன்ற போட்டிகளில் ஓடவிடுவதற்கு முன்னால் நடக்கும் சோதனைகள் பலே! காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு பெட்ரோலோ எண்ணெயோ ஒழுகக்கூடாது. பெல்ட் போட்டு உட்கார்ந்த ஓட்டுநர் 5 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிரேக் போட்டால் நான்கு சக்கரமும் ஒன்றாக நிற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சின்ன கிளாம்பு ஒன்று உடைந்தாலும் சக்கரம் தனியாக ஓடிவிடும். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்தில் இழுத்தால் சட்டென்று கிழியும். மற்ற இடத்தில் இழுத்தால் கையே வலிக்கும். உலோகமும் அப்படித்தான். கூர்மையான மூலையிலும் பிசிறிலும்தான் விரிசல் தொடங்கும். அதனால்தான் நல்ல ஃபிட்டர்கள் மூலைகளை உருட்டி விடுவார்கள்.

சரி, நாமும் ஒன்று செய்வோமா? பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் செய்பவர்கள் மஞ்சள் நிற மோட்டாரைப் பலகையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார்கள். பத்தடி ஓடியதும் மோட்டார் கோணிக்கொள்ளும். அதற்கு இரண்டு 'எல்' கிளாம்புகள் செய்யலாம். அப்பாவோ அம்மாவோ, பட்டறை வேலை தெரிந்த மாமாவோ கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். துளை போடும் வேலை அவர்களுடையது. கண்ணாடியும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். தொளதொள சட்டைக்கையும் விரித்த தலைமுடியும் டிரில்லுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கையுறையும் வேண்டாம், சுற்றிக்கொள்ளும்.

அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கேட்டால் 'எல்' வடிவப் பட்டையின் வெட்டுத்துண்டு கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. அகலம் இருந்தால் போதும். முதலில் கிளாம்பை அட்டையில் செய்து மோட்டாரில் வைத்துப் பாருங்கள். சக்கரம் மாட்டும் அச்சு கிளாம்பில் இடிக்கிறதா என்பது இப்போதே தெரிந்துவிடும். அட்டை வீணானால் நஷ்டமில்லை.

பிறகு அலுமினியத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசி, ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முனையால் கோடு கீறுங்கள். மெல்லிய கோடு பளிச்சென்று தெரியும். வைஸில் இறுக்கி, பல் நெருக்கமான ஹாக்ஸா பிளேடால் கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுங்கள். மிச்சத்தை அரத்தால் கோடு வரைக்கும் ராவுங்கள். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும், திரும்பும்போது அழுத்தக்கூடாது. அலுமினியத் தூள் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் ஒட்டாது! தூளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழும். பழைய பிரஷ்ஷால் தட்டுங்கள். ராவிய ஓரத்தில் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் மேடு இன்னும் இருக்கிறது.

துளை வரும் இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. இந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் வழுக்கி எங்கேயோ போய்விடும். இரண்டு கிளாம்புகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வைஸில் இறுக்கி, மோட்டார் துளைகளை ஒரேயடியாகப் போட்டால் இடமும் வலமும் அச்சு அசலாக இருக்கும். 3 மி.மீ. போல்ட்டுக்கு 3.2 மி.மீ. துளை. கடைசியில் பிசிறை ராவி, மூலைகளை உருட்டி விடுங்கள்.

மோட்டார்களை மாட்டி, டைல்ஸ் தரையின் கோட்டை ஒட்டி 3 மீட்டர் ஓட்டிப் பாருங்கள். வண்டி இடது பக்கம் இழுக்கிறதா? அவசரப்பட்டுக் கிளாம்பைத் திட்டாதீர்கள். இரண்டு மோட்டார்களையும் இடம் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இப்போது வலது பக்கம் இழுத்தால் தவறு மோட்டாருடையது. அப்போதும் இடது பக்கமே இழுத்தால், கிளாம்பு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பலகையோடு சேரும் துளைகளில் ஒன்றை மட்டும் உருண்டை அரத்தால் கொஞ்சம் நீளமாக்கி, நேராகத் திருப்பி வைத்து, போல்ட்டை இறுக்குங்கள்.