பட்டியலில் ஏறிய மலைத் தமிழ்

ஆண்டுதோறும் தை பிறந்து, நம் முதலமடை மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு திரளும் நாட்களில், அமெரிக்காவிலிருந்து ஒரு பட்டியல் வெளியாகின்றது. ஆஸ்கார் என்று உலகோர் வழங்கும் திரைப்படப் பரிசுக்கு இறுதிச் சுற்றில் நிற்பவர் யார் யார் என்று அறிவிக்கும் பட்டியல் அது. அன்று மாலை நம் சங்கத்து வாசகசாலையில் தொடங்கும் வாதம் விளக்கணைக்கும் வரை ஓய்வதில்லை. "தமிழ் உண்டா?" என்பதே முதற் கேள்வி. "இல்லை" என்பதே பெரும்பாலும் விடை. அவ்வாறு விடை மாறிய ஓர் ஆண்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றோம்.

முன்கதையைச் சுருங்கச் சொல்லி விடுவோம். அயல்நாட்டுப் படங்களுக்குரிய பிரிவுக்கு ஒரு நாடு ஓர் ஆண்டில் ஒரு படத்தையே அனுப்பலாம் என்பது நெடுநாளைய விதி. இந்தியாவின் சார்பில் 1969 ஆம் ஆண்டுப் படமாகிய 'தெய்வ மகன்' சென்றது. பின்னர் 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்' முதலியனவும், அண்மைக் காலத்தில் 'விசாரணை', 'கூழாங்கல்' ஆகியவையும் சென்றன. இவற்றுள் ஒன்றேனும் இறுதி ஐந்தில் இடம் பெறவில்லை. 'மதர் இந்தியா', 'சலாம் பம்பாய்', 'லகான்' ஆகிய மூன்று இந்தியப் படங்களே அந்தப் பிரிவில் அவ்வளவு தூரம் சென்றவை. மலையாளப் படங்களும் 1997 இல் வந்த 'குரு' தொடங்கிப் பன்முறை சென்று வெறுங்கையுடன் திரும்பியுள்ளன. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் இவ்விஷயத்தில் ஒரே விதிதான் என்று நம் அண்டை வீட்டாரோடு நாம் சிரித்துக் கொள்வதுண்டு.

2023 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் வெளியான பட்டியலிலும் நாடு அனுப்பிய படம் இல்லை. 'செல்லோ ஷோ' என்னும் குஜராத்திப் படம் பதினைந்தில் ஒன்றாக வந்து, ஐந்தில் ஒன்றாகாமல் நின்று விட்டது. ஆயினும் வேறு மூன்று வாயில்களின் வழியே இந்தியர்கள் உள்ளே நுழைந்திருந்தனர். 'ஆர்.ஆர்.ஆர்.' என்னும் தெலுங்குப் படத்தின் 'நாட்டு நாட்டு' பாடல் ஒன்று. அதற்கு இசையமைத்த கீரவாணி, தமிழில் மரகதமணி என்னும் பெயரால் 'அழகன்' படத்துக்கு இசை தந்தவர் ஆதலின், அவரிலும் நமக்கு ஒரு பங்கு உண்டென்று சிலர் உரிமை கொண்டாடினர். தில்லியில் அடிபட்ட பருந்துகளுக்கு மருத்துவம் செய்யும் சகோதரர்களைக் காட்டும் 'ஆல் தட் பிரீத்ஸ்' மற்றொன்று. மூன்றாவது, குறும் ஆவணப்படப் பிரிவில் வந்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்'.

ஆங்கிலப் பெயரைக் கண்டு, இது யாரோ வெள்ளைக்காரர் எடுத்த காட்டுப்படம் என்று நாம் முதலில் கடந்து சென்றோம். அந்தப் பிழையை ஒப்புக் கொள்கின்றோம். நீலகிரி மாவட்டம் முதுமலையில், தெப்பக்காடு யானைகள் முகாமில் பணிபுரியும் பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கர் குலத்து இணையரின் கதை அது. எடுத்தவர் உதகையில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வஸ். தயாரித்தவர் குனீத் மோங்கா. தாயை இழந்த ரகு என்னும் கன்றையும், பின்னர் வந்த அம்மு என்னும் சிறு கன்றையும் அவ்விருவரும் பிள்ளையாக வளர்க்கின்றனர். பெள்ளி தம் மகளைப் பறிகொடுத்தவர். கன்றை வளர்க்கும்போதே இருவருக்கும் மணம் நிகழ்கின்றது. வளர்ந்த ரகுவை வேறு பாகரிடம் ஒப்படைக்க வேண்டி வரும்போது இருவரும் படும் துயரத்தைப் படம் மறைக்காமல் காட்டுகின்றது. முக்கால் மணி நேரத்துக்கும் குறைந்த இப்படம், ஐந்தாண்டு உழைப்பில் உருவாயிற்று என்பர்.

ஆனால் நம்மை நிறுத்தி வைத்தது கதையன்று, பேச்சு. படத்தில் அவ்விருவரும் பேசுவது தமிழ். பள்ளிப் புத்தகத் தமிழன்று, சென்னைத் தமிழுமன்று. மலையின் சாயல் படிந்த, சொற்சிக்கனம் உடைய ஒரு தமிழ். அன்று நம்மோடு அமர்ந்து பார்த்த தோப்புக் காவலர் ஒருவர், "இவங்க பேசறது நம்ம செம்மணாம்பதிப் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்குதுங்களே" என்றார். நீலகிரிக்கும் நமக்கும் இடையே எத்தனையோ மலைகள் உண்டு. இரண்டு பேச்சும் ஒன்றாக இருக்க வழியில்லை. எனினும் அவர் எதைக் கருதினார் என்பது நேயர்களுக்குப் புரியும்.

இவ்வூரில் நம் பிள்ளைகள் பேசும் தமிழ், பள்ளியில் 'பாண்டிப் பேச்சு' என்று கேலிக்குள்ளாகின்றது. விடுமுறைக்குப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் சென்றால், 'மலையாளத்தான் வந்துட்டான்' என்று உறவினரே நகைக்கின்றனர். இரு பக்கமும் குறைவாகவே மதிப்பிடப்பட்ட ஒரு மொழியை வீட்டுக்குள் மட்டும் பேசிப் பழகிய பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்களுக்கு நாம் எத்தனை முறை அறிவுரை கூறியும் பயன் விளைந்ததில்லை. யாரும் திருத்தாத ஒரு காட்டுத் தமிழ் உலகப் பட்டியலில் ஏறிற்று என்ற செய்தி அந்த வேலையைச் சிறிதேனும் செய்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் படத்தைப் பற்றித் தன் வகுப்பில் தமிழிலேயே எழுந்து பேசியதாக அவளுடைய தாயார் நம்மிடம் கூறினார்.

எல்லோரும் மகிழ்ந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். மலையடிவாரத்துத் தோப்புகளில் காட்டானைகள் இறங்கி மாமரங்களை முறிப்பதை நம் குடும்பங்களிற் பல கண்டுள்ளன. குத்தகைத் தோப்பில் காய்த்த மரங்களை ஓரிரவில் இழந்த அன்பர் ஒருவர், "கன்றுக்குட்டிக்குப் பால் புகட்டுவதைப் படம் எடுத்தவர்கள் என் தோப்பையும் வந்து படம் எடுக்கட்டும்" என்று சொல்லிப் பாதியில் எழுந்து போனார். அவர் சினத்தில் நியாயம் உண்டு. ஆனால் படத்திலும் ரகு மந்தையைப் பிரிந்து மனிதர் கைக்கு வந்த அநாதைதான். காட்டுக்கும் ஊருக்கும் இடையே நடக்கும் சண்டையில் அந்தக் கன்றும் அவரைப் போலவே இழந்த கட்சியைச் சேர்ந்தது என்பது நம் கருத்து. அவர் அதை இன்றும் ஏற்கவில்லை.

மற்றொரு குறை நமக்கே உண்டு. பரிசுப் பட்டியலில் இடம் பெறும் பெயர்கள் இயக்கியவரும் தயாரித்தவருமே. விதி அது, எல்லா ஆவணப்படங்களுக்கும் பொதுவானது. ஆயினும் தம் வாழ்வையே படமாகத் தந்த இருவர் பெயரும் அத்தாளில் இல்லை என்பது கண்ணில் உறுத்திற்று. மார்ச் 12 ஆம் நாள் அப்படம் வென்று, குறும் ஆவணப்படப் பிரிவில் பரிசு பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு ஆயிற்று. அதன் பிறகுதான் பொம்மனும் பெள்ளியும் நாடறிந்த பெயர்கள் ஆயினர். 2023 ஆகஸ்டில் பெள்ளிக்குத் தெப்பக்காடு முகாமிலேயே யானை பராமரிக்கும் பணிக்கான ஆணையைத் தமிழக முதலமைச்சர் வழங்கினார். அதே திங்களில், பொருள் தொடர்பாக அவ்விணையருக்கும் படக்குழுவினருக்கும் இடையே கருத்து வேறுபாடு என்றும், படக்குழுவினர் அதனை மறுத்தனர் என்றும் செய்திகள் வந்தன. தொலைவில் இருந்து அதற்குத் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

ஆனால் நம் ஊருக்கு அருகே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரிசு கிடைத்த சில நாட்களில் தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய இரு முகாம்களிலும் பணிபுரியும் 91 பேருக்கும் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய். அவர்களுக்கு வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம். கோழிகமுத்தி முகாமின் வசதிகளை மேம்படுத்த 5 கோடி. கோழிகமுத்தி எங்குள்ளது? ஆனைமலையில், டாப்சிலிப்புக்கு அப்பால், நம் பறம்பிக்குளத்துக்கு அண்டைக் காட்டில் உள்ளது. பறம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த நிலமே ஆயினும், அங்கே பேருந்தில் செல்வதற்குப் பொள்ளாச்சி சென்று, சேத்துமடை ஏறி, டாப்சிலிப் கடந்து, தமிழ்நாட்டைச் சுற்றித்தான் வர வேண்டும் என்பதை நேயர்கள் அறிவார்கள். கோழிகமுத்திப் பாகர்களிற் பலர் மலசர் குலத்தவர். அக்குலத்தார் எல்லைக்கு இப்புறமும் வாழ்கின்றனர். நம் தோப்புகளில் நம்மோடு காய் பறித்தவர்களும் அவர்களுள் உண்டு. நீலகிரியில் எடுத்த படத்துக்குத் தொலைதேசத்தில் கிடைத்த பரிசு, இவ்வாறு சுற்றி வந்து நம் அண்டைக் காட்டின் குடிகளைத் தொட்டது.

அவர்களைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆண்டுதோறும் பறம்பிக்குளம் செல்லும் நம் குடும்பங்கள் டாப்சிலிப்பில் வண்டி நிற்கும்போது தேநீர் அருந்திவிட்டு ஏறி விடுகின்றன. அடுத்த முறை வனத்துறையினர் அனுமதிக்கும் நேரத்தில் முகாமுக்கும் சென்று, யானைகளின் பெயரோடு பாகர்களின் பெயரையும் கேட்டு வாருங்கள். பிள்ளைகள் எழுதி அனுப்பினால் இவ்விதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம். எழுத்துப் பிழை பார்க்க மாட்டோம்.