இரட்டைக் கார்புரேட்டர்: முதலில் காற்று, பிறகே பெட்ரோல்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலானவற்றில், 1798 சி.சி. எஞ்சினோடு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இருக்கும். முன்னால் இருப்பது 1, 2ஆம் சிலிண்டர்களுக்கும், பின்னால் இருப்பது 3, 4ஆம் சிலிண்டர்களுக்கும் கலவையை அனுப்புகிறது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் ஐட்லிங்கில் எஞ்சின் உதறும், இழுவை குறையும்.

எஸ்.யூ. கார்புரேட்டரில் காற்றோட்டம் கூடக் கூட ஒரு பிஸ்டன் மேலெழும்பும். அதன் அடியில் பொருத்திய கூம்பு ஊசியும் உடன் உயர்ந்து, ஜெட்டின் துவாரத்தில் பெட்ரோலுக்கு அதிக இடம் விடும். காற்றுதான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. அதனால் காற்றைச் சமன் செய்யாமல் பெட்ரோலைத் திருத்துவதில் பயனில்லை.

அதற்கும் முன்பு வால்வு இடைவெளி, பாயிண்ட், இக்னிஷன் டைமிங் ஆகியவை சரியாக இருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் பழுதின் இடம் பிடிபடும். 1, 2 மட்டும் கரி படிந்திருந்தால் முன் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. திராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் அந்த இடுக்கில் காற்று புகுந்து எந்த அளவும் நிலைக்காது. பிஸ்டனைக் கையால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி ‘டக்’கென்று உட்கார வேண்டும், சிக்கினால் ஜெட் மையம் விலகியிருக்கலாம். பிஸ்டனின் துள்ளலைத் தணிக்கும் டேஷ்பாட்டில் எண்ணெய் வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் தடுமாறும்.

சமன் செய்ய, எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரு திராட்டில் தண்டுகளையும் இணைக்கும் கிளாம்புகளைத் தளர்த்த வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்தால் காற்றின் சீறல் கேட்கும். இரண்டிலும் அது ஒன்றுபோல் ஒலிக்கும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருப்ப வேண்டும். காற்றோட்ட மீட்டர் இருந்தால் துல்லியம் கூடும்.

அடுத்தது கலவை. பிஸ்டனைச் சுமார் 0.8 மி.மீ. உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே குறைந்தால் பற்றாக்குறை. ஒரு கணம் சற்றே கூடி அடங்கினால் சரி. ஜெட்டுக்குக் கீழுள்ள நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு முறைக்கு நட்டின் ஒரு பட்டை அளவே திருப்ப வேண்டும்.

கலவை மாறினால் ஐட்லிங் வேகமும் மாறும் என்பதால் காற்றை மறுபடி சரிபார்ப்பது அவசியம். பிறகு இரு திராட்டில்களும் ஒரே நொடியில் திறக்கும்படி கிளாம்புகளை இறுக்கி, வேகத்தைச் சற்றுக் கூட்டியும் சீறல் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.